இரு திரைகள், ஒரே நிறம்

தேயிலையின் தரம் காண்பவர் தம் கண்ணை மட்டும் நம்பிவிடுவதில்லை. இரண்டு தேயிலைகளை ஒப்பிட வேண்டுமாயின், இரண்டையும் ஒரே அளவாக நிறுத்து, ஒரே வகை வெண்பீங்கான் பாத்திரத்தில் இட்டு, கொதிநீர் வார்த்து, 6 நிமிடம் ஊறவிடுவார். நூறு மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை என்பது 1980ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச நியமம் வகுத்த கணக்கு. பாத்திரங்களின் மீது விழும் வெளிச்சமும் ஒரே சீரானதாய் இருத்தல் வேண்டும். சாயத்தின் நிறத்தில் காணும் வேற்றுமை தேயிலையால் வந்ததேயன்றி, பாத்திரத்தாலோ வெளிச்சத்தாலோ வந்ததாய் இருக்கலாகாது அன்றோ?

மலைநாட்டார் நன்கறிந்த இம்முறை, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் படப்பிடிப்பு நிலையங்களில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் உரியதே. மடிக்கணினி ஒன்று, அதனருகே பெரிய திரை ஒன்று என இரு திரைகளை வைத்து வேலை செய்வோருக்கு ஒரு சங்கடம் உண்டு. மணப்பெண்ணின் படத்தை இத்திரையிலிருந்து அத்திரைக்கு நகர்த்தியதும் கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடுகிறது. மாநிற முகம் ஒன்றிலே சிவக்கிறது. மற்றதிலே நீலம் பாய்ந்து வெளிறுகிறது. கண்ணுக்கு இனிதாகத் தோன்றும் திரையை நம்பித் திருத்தினால், அல்பம் வீடு வந்து சேரும் நாளில், “இது என் மகளின் நிறமா?” என்று பெற்ற தாயே கேட்க நேரும். பேரப்பிள்ளைகள் காணும்வரை வீட்டில் இருக்கப்போகும் அல்பம் அது.

நம்மவரின் நிறம் படத்தில் பிறழ்வது புதிதன்று. புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரூன் தம் இறுதி ஆண்டுகளில் இலங்கை மக்கள் சிலரைப் படமெடுத்தார். 1879இல் மறைந்த அவ்வம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் செந்நிறத்தை உணரமாட்டாதவை. ஆதலின் மாநிற மேனி கண்ணால் காண்பதினும் கறுத்தே பதிந்தது. வண்ணப்படக் காலம் வந்தபோதும், கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. இன்று அளவுகோல் நம் மேசைமீதே இருக்கிறது. அதைச் சரிபார்ப்பதும் நம் கையில்தான்.

திரைகள் ஏன் வேறுபடுகின்றன? ஒவ்வொன்றுக்கும் பின்விளக்கு வேறு, வண்ண வடிகள் வேறு, வயதும் வேறு. கடையில் வாங்குவோரைக் கவர்வதற்காகப் புதுத்திரைகளை மிகுந்த பிரகாசத்துடனும் சற்றே நீலமாகவும் அமைத்து அனுப்புவதுண்டு. விரிந்த வண்ணப் பரப்புடைய திரையாயின், நெறிப்படுத்தாதபோது தேயிலை மலைச்சரிவு கிளிப்பச்சையாக மாறி நிற்கும்! நம் கண்ணோ மகா இணக்கம் உடையது. மஞ்சளித்த திரையின்முன் சிறிது நேரம் இருந்தால் அதையே தூய வெண்மை என ஏற்றுக்கொள்ளும்.

முதலில் அறையைக் கவனித்தல் வேண்டும். காலையில் வெயில், நண்பகலில் மூடுபனி என மாறும் நம் ஊர்களில் சாளரத்துக்குச் சீலையிட்டு, ஒரே விளக்கொளியில் வேலை செய்வதே உத்தமம். ஒளிர்வைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியையும், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் திரைகளை எரியவிட வேண்டும்.

அடுத்தது ஒளிர்வு. இங்கே பிரகாசமான திரைதான் மங்கலானதற்கு இறங்கிவர வேண்டும். மங்கலானது தன் எல்லைக்கு மேல் ஏறமாட்டாது. அச்சுக்குப் போகும் படங்களுக்குச் சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டெலா போதும். புதுத்திரை முழுப் பிரகாசத்தில் பெரும்பாலும் இதன் இருமடங்கையும் கடக்கிறது. திரையில் பளிச்சிட்ட படம் அச்சில் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அச்சகத்தாரை நொந்து பயனில்லை.

பின்னர் வெண்மை. இரு திரைகளையும் பகலொளியை ஒத்த 6500 கெல்வினிலும், இடைநிழல்களின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் காமாவை 2.2இலும் நிறுத்துக. இதற்கென நிறமானி எனும் சிறு கருவி உண்டு. திரையின்மீது அதை வைத்தால், தோன்றும் வண்ணக் கட்டங்களை அளந்து, அத்திரையின் குறைகளைக் குறித்த கோப்பு ஒன்றைக் கணினியில் எழுதிவைக்கும். படந்திருத்தும் மென்பொருள் அதைப் பார்த்து நிறங்களைச் செப்பனிடும். இரு திரைகளுக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும். கருவி வாங்க இயலாதோர் சாம்பல் நிறப் பட்டை ஒன்றை இரு திரைகளிலும் இட்டு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் திருத்திப் பார்க்கலாம். ஓரளவு பலன் கிட்டும். மானியின் நுட்பம் கிட்டாது.

மானி ‘ஒன்றே’ என்றாலும் கண் ‘வேறு’ எனக் கூறுவதும் உண்டு. பின்விளக்குகளின் ஒளிக்கூறுகள் வேறுபடுவதே காரணம். அப்போது இரண்டாவது திரையின் வெண்மையை மட்டும் கண்ணளவாகச் சற்று மாற்றிக்கொள்ளலாம். என்ன செய்தும் முற்றும் ஒன்றாகாத திரைகள் இருக்கவே செய்யும். சிறந்த ஒன்றைத் தலைமைத் திரையாக்கி, நிறம் பற்றிய முடிவையெல்லாம் அதிலே எடுத்து, மற்றதில் கருவிப்பட்டைகளையும் படவரிசையையும் வைத்துக்கொள்வதே விவேகம்.

விளக்குகள் நாளடைவில் மங்குவதால், மாதம் ஒருமுறை இவ்வளவையும் மீண்டும் செய்ய வேண்டும். திருமணப் பருவம் தொடங்குமுன், மாநிற முகம் ஒன்றின் படத்தை அச்சிட்டு வாங்கி, நல்ல வெளிச்சத்தில் தலைமைத் திரையின் அருகே பிடித்துப் பார்த்துவிடுவதும் நன்று.