வார்டில் எத்தனை குழந்தைகள்?

2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின் உச்சம். 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அது இறங்குவதற்குள்ளேயே, மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்று டிவியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் அப்போது மண்டபம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்கள், இடுப்பில் பிள்ளையும் கையில் போனுமாக நிற்பார்கள். "நர்ஸம்மா, அடுத்தது பிள்ளைகளுக்குத்தான் வருமாம்ல?" சிலர் வரவே இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் போனாலே ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் பிள்ளைகளின் வழக்கமான பூஸ்டர் ஊசி தள்ளிப்போனது.

குழந்தைகளை மட்டும் குறிவைத்துக் கடுமையாகத் தாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அந்த மாதமே அறிக்கை விட்டது. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அதை யாரும் போட்டு நான் பார்க்கவில்லை. ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தது. 6 முதல் 9 வயதுக்குள் 57.2 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 17 வயதுக்குள் 61.6 விழுக்காட்டினருக்கும் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருந்தது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொரோனா ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது சாதாரணச் சளியாகக் கழிந்தது, அல்லது தெரியவே இல்லை.

இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைக்காமல் 'கொரோனாவுடன் இத்தனை குழந்தைகள் அனுமதி' என்று செய்தி போட்டால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? அப்போது எதற்காக அட்மிட் ஆனாலும் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். கை முறிந்த பையனாக இருந்தாலும் சரி, குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த பெண்ணாக இருந்தாலும் சரி, பாசிட்டிவ் என்றால் கொரோனா கணக்கில்தான் சேரும். கலிபோர்னியாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் அப்படிச் சேர்ந்த 117 பேரின் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தபோது, 53 பேர் சேர்ந்ததற்குக் கொரோனா காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தது. மீன் கூடை மொத்தத்தையும் நிறுத்து, இத்தனையும் சீலா என்று ஏலம் கூறினால் பாம்பனில் விடுவார்களா?

பெரிய பத்திரிகையும் சறுக்கியது. தொற்று தொடங்கியதிலிருந்து 9 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்ததாக 2021 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிறகு, 2020 ஆகஸ்ட் முதல் அந்த அக்டோபர் வரை 63,000-க்கு மேல் என்று திருத்தம் போட்டது. வாட்ஸ்அப்பில் போன எண்ணுக்குத் திருத்தம் போட யார் இருக்கிறார்கள்?

செய்தியாளர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நம் சுகாதாரத் துறையின் அன்றைய தினசரி கொரோனா அறிக்கையில் வயதுக்கு மூன்றே கட்டம்தான் இருந்தது: 12 வரை, 13 முதல் 60 வரை, 60-க்கு மேல். எட்டாம் வகுப்புப் பையனும் அவன் அப்பாவும் ஒரே கட்டத்தில் இருந்தால் நிருபர் எதைப் பிரித்து எழுதுவார்?

பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. தொற்று போய்ச் சில வாரம் கழித்து, இதயம் உட்படப் பல உறுப்புகளில் அழற்சி கண்டு தீவிர சிகிச்சைக்குப் போன பிள்ளைகள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதுவரை நிலைமை கைமீறினால் மதுரைதான். ராமேஸ்வரத்துக்காரர்கள் பாம்பன் பாலம் தாண்டி, ராமநாதபுரம் தாண்டி, மொத்தம் 170 கிலோமீட்டர் போக வேண்டும். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் படுக்கை எந்த ஊரில் எத்தனை, இன்று காலியா என்பதுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி. நான் பார்த்தவரை அதை யாரும் தலைப்பில் போடவில்லை.

இனி ஒரு காய்ச்சல் பருவத்தில் 'குழந்தைகள் வார்டு நிரம்பியது' என்று வந்தால், பகிர்வதற்கு முன் கேளுங்கள்: அந்த வார்டில் படுக்கை எத்தனை, போன வருடம் இதே மாதம் எத்தனை பேர் இருந்தார்கள், எதற்காகச் சேர்ந்தார்கள்? உங்கள் பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, போனில் செய்தி தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.