கணவர் கடல் கடந்து, மனைவி காத்திருந்து...
அமெரிக்க வாழ்க்கைத்துணை விசா பற்றிய ஒரு விளக்கம்



இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தில் அழகான சட்டம் ஒன்று உண்டு. புதிதாக மணமுடித்தவனைப் போருக்கு அனுப்பக்கூடாது, ஓராண்டு அவன் தன் வீட்டில் மனைவியோடு இருக்கவேண்டும் என்பதே அது. நம் பங்குகளில் இன்று நடப்பதோ வேறு. அமெரிக்காவிலிருந்து மணமகன் மூன்று வார விடுப்பில் வருகிறார். ஓலை வாசித்து, திருப்பலியில் திருமணம் முடிந்து, விருந்து முடிந்து, அடுத்த வாரமே விமானம் ஏறிவிடுகிறார். மணமகள் தாய்வீட்டில் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், "இன்னும் விசா வரலியாம்மா?" என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். ஆறு மாதத்திற்குப் பிறகு கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொண்ட பெண்களை நாம் அறிவோம்.

இந்தக் காத்திருப்பு எதனால் வருகிறது, எங்கே தவறு நேர்கிறது, பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்பதைத் திருமணப் பேச்சு தொடங்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஆகவே இதனை இங்கு எளிய முறையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

"மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார்" என்பது மட்டும் போதாது. அங்கு அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்கவேண்டும்.

அவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், அவருடைய மனைவி 'மிக நெருங்கிய உறவினர்' என்னும் பிரிவில் வருகிறார். இப்பிரிவுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஆகும் காலமே காத்திருப்பு. அதுவே ஓராண்டுக்கு மேலும் நீளலாம்.

அவர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால், மனைவி 'எஃப்2ஏ' என்னும் பிரிவில் வருவார். இதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. மனு கொடுத்த நாளை வைத்து வரிசையில் நிற்கவேண்டும். அமெரிக்க வெளியுறவுத்துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையைப் பார்த்து வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று அறியலாம். இடையில் கணவர் குடியுரிமை பெற்றுவிட்டால், அதே மனு முதல் பிரிவுக்கு மாறிவிடும்.

அவர் எச்-1பி போன்ற வேலை விசாவில் இருந்தால், மனைவிக்குக் கிடைப்பது எச்-4 என்னும் சார்ந்தோர் விசா. அது குடியேற்ற விசா அல்ல. கணவரின் வேலை விசா முடிந்தால் மனைவியின் விசாவும் முடியும்.

விசா கிடைக்கும் வழி

முதல் படி கணவருடையது. அவர் அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றப் பணித்துறையிடம் 'ஐ-130' என்ற மனுவைக் கொடுக்கவேண்டும். 2024 ஏப்ரல் முதல் இதன் கட்டணம் இணையவழியில் 625 டாலர், தாளில் கொடுத்தால் 675 டாலர். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், கட்டும் முன் அத்துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள தேசிய விசா மையத்திற்குப் போகும். இங்குதான் மனைவி 'டிஎஸ்-260' படிவத்தை நிரப்பி, பிறப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, காவல்துறைச் சான்று ஆகியவற்றை அனுப்பவேண்டும். காவல்துறைச் சான்றுக்கு இந்தியாவில் கடவுச்சீட்டு அலுவலகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம்.

கணவர் 'ஐ-864' என்னும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க அரசு குறித்துள்ள வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானம் தமக்கு உண்டென்று அதில் காட்டவேண்டும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இருவர் கொண்ட குடும்பத்திற்குப் பெரும்பாலான மாநிலங்களில் இது ஆண்டுக்குச் சுமார் 26,437 டாலர். வருமானம் போதாதென்றால் வேறொருவர் கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம். இது வெறும் சடங்கல்ல. மணமுறிவு ஏற்பட்டாலும் இந்தப் பொறுப்பு நீங்காது. மனைவி குடியுரிமை பெறும்வரையோ, சட்டம் சொல்லும் 40 காலாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும்வரையோ அது பொதுவாகத் தொடரும்.

கடைசியாக மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும். தூதரகம் குறித்துள்ள மருத்துவரிடம் மட்டுமே பரிசோதனை செய்யவேண்டும். இந்தியாவிலிருந்து செல்வோருக்குப் பெரும்பாலான குடியேற்ற விசா நேர்காணல்கள் மும்பையிலுள்ள துணைத் தூதரகத்தில் நடைபெறுகின்றன. சென்னையிலேயே முடிந்துவிடும் என்று எண்ணிப் பயண ஏற்பாடு செய்யாமல் இருப்பவர்கள் உண்டு. நேர்காணலில் ஏதேனும் ஆவணம் குறைந்தால் '221(ஜி)' என்ற தாளைக் கொடுப்பார்கள். கேட்டதைக் கொடுக்கும்வரை, அல்லது மேலும் நடக்கும் பரிசீலனை முடியும்வரை, விசா நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். அதைக் கண்டு கலங்கவேண்டாம்.

கோயில் சான்றும் அரசுச் சான்றும்

நம் மக்கள் அதிகம் இடறுவது இங்குதான். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோயிலில் நடக்கும் திருமணம் செல்லும். ஆயினும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எந்த மதத்தாரின் திருமணமும் அரசிடம் பதிவு செய்யப்படவேண்டும். மணமகன் ஊர் திரும்பும் முன்பே இருவரும் சேர்ந்து இதை முடித்துவிடுவது நல்லது. பிறகு அவரது கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

அடுத்தது பெயர். கடவுச்சீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், திருமுழுக்குப் பதிவேட்டில் புனிதரின் பெயர், வீட்டில் வேறொரு பெயர். இனிஷியலை விரித்து எழுதும்போது தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வரும். இவற்றைத் திருமணத்திற்கு முன்பே ஒத்துப் பாருங்கள். பிறப்புச் சான்று இல்லாதவர்கள், பதிவு இல்லை என்ற சான்றை உரிய அலுவலகத்தில் வாங்கி, அதனுடன் திருமுழுக்குச் சான்றையும் பெரியவர்களின் உறுதிமொழியையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பங்குப் பதிவேட்டைப் பத்திரமாகக் காக்கும் பங்குத்தந்தையரின் உழைப்பு இவ்விதத்திலும் பயன்படுகிறது.

மணமக்களில் ஒருவருக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தாலும், நாட்டுச் சட்டப்படி மணமுறிவு பெற அது போதாது. 2017 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றமும் இந்நிலையையே உறுதி செய்தது. அதேபோல, நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றவர் அதனாலேயே கோயிலில் மறுமணம் செய்யத் தகுதி பெற்றுவிடுவதில்லை. இரண்டும் தனித்தனியே முடியவேண்டும்.

உண்மையான திருமணமா?

அதிகாரிகள் அடிப்படையில் கேட்பது இந்த ஒரு கேள்விதான். பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் என்பதால் மட்டும் அவர்கள் ஐயப்படுவதில்லை. யார் மூலம் வரன் வந்தது, எப்போது முதலில் பேசினீர்கள், அவருக்கு எத்தனை உடன்பிறப்புகள், என்ன வேலை என்று கேட்பார்கள். இரு குடும்பமும் சேர்ந்துள்ள படங்கள், பயணச் சீட்டுகள், பேசிய விவரங்கள், பணம் அனுப்பிய பதிவுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். எதையும் அலங்கரித்துச் சொல்லவேண்டாம்.

"சும்மா பேப்பருக்கு ஒரு கல்யாணம்" என்று தரகர்கள் சொல்வதுண்டு. அமெரிக்கச் சட்டப்படி குடியேற்றத்திற்காகப் பொய்த் திருமணம் செய்தால் ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. அப்படிச் செய்தவருக்காகப் பிற்காலத்தில் யார் மனுக் கொடுத்தாலும் ஏற்கப்படாது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1101-ஆம் பிரிவும், திருமணத்தையே மனத்தில் விலக்கிவிட்டு வாயால் மட்டும் சம்மதம் சொன்னால் அது திருமணமே ஆகாது என்கிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்ற யோசனையும் ஆபத்தானது. அதிகாரியிடம் சொன்ன பொய் வாழ்நாள் தடையாக முடியலாம்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை

அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு நிறையவில்லை என்றால், பெண்ணுக்கு இரண்டாண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டே கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து 'ஐ-751' மனுக் கொடுத்து நிபந்தனையை நீக்கவேண்டும். 1986-ஆம் ஆண்டில் பொய்த் திருமணங்களைத் தடுக்க வந்த சட்டம் இது. ஆனால் சில வீடுகளில், "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத்தான் போகவேண்டும்" என்று மிரட்ட இதுவே ஆயுதமாகிவிடுகிறது.

அந்த மிரட்டல் முழு உண்மை அல்ல என்பதை நம் பெண்கள் அறியவேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்த திருமணம் முறிந்துபோனாலும், கணவரால் கொடுமைக்கு உள்ளானாலும், மனைவி தனியாகவே அந்த மனுவைக் கொடுக்கலாம். 1994-ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம், கொடுமைக்குள்ளான மனைவி கணவருக்குத் தெரியாமலே தனக்காக மனுச் செய்யவும் வழி தருகிறது. அவசர நேரத்தில் 911 என்ற எண்ணை அழைக்கலாம். கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் பெண்ணின் கையிலேயே இருக்கட்டும், அவற்றின் நகல்கள் தாய்வீட்டில் இருக்கட்டும். விட்டுச்செல்லப்பட்ட மனைவியர் இந்தியாவில் தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியர் திருமணங்களுக்காக 2009-இல் தொடங்கிய பிரிவை அணுகலாம். அமெரிக்காவில், ஆயர்கள் 1988-இல் ஏற்படுத்திய கத்தோலிக்கக் குடியேற்றச் சட்ட உதவி அமைப்போடு இணைந்த பணியகங்கள் பல நகரங்களில் குறைந்த செலவில் வழிகாட்டுகின்றன.

அன்பார்ந்தவர்களே, மோவாபிலிருந்து வந்த ரூத்து பெத்லகேமில் அந்நியப் பெண்ணாகத்தான் கால் வைத்தார். அவ்வூர் அவரை ஏற்றுக்கொண்டது. கணவரின் ஊர் நம் மகளை ஏற்கும்வரை அவரைத் தாங்கவேண்டியது நம் பங்கே. அடுத்த ஞாயிறு அவரைக் கோயில் வாசலில் கண்டால் விசாவைப் பற்றிக் கேட்காமல், "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்போம். அன்பியக் கூட்டத்திற்கு அழைப்போம், பாடற்குழுவில் இடம் கொடுப்போம். பிரிந்திருக்கும் தம்பதியரை நம் மன்றாட்டுகளில் நினைவுகூருவோம்.