வானம் பார்த்தவர்கள் – 9: கட்டாமல் விட்ட குவிமாடம்

ரோம் நகரின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்துக்குள் போனால், தரையில் வட்டமாக ஒரு சலவைக்கல் பதித்திருப்பதைக் காணலாம். அதன்மேல் நின்று அண்ணாந்து பார்த்தால் பிரமாண்டமான குவிமாடம். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள், மாடம் கோணலாகச் சாயும். உண்மையில் அங்கே மாடமே கிடையாது. கட்டாமல் விட்டுப்போன இடத்துக்காக 1685-இல் அந்திரேயா போட்சோ என்ற சேசு சபைச் சகோதரர் துணியில் தீட்டிய ஓவியம் அது.

மாடம் வரவில்லை, அதைத் தாங்கக் கட்டிய பருத்த தூண்கள் இருந்தன. தொலைநோக்கிக்கு முதல் எதிரி அதிர்வு. அந்தத் தூண்களோ அசையாதவை. 1850களின் தொடக்கத்தில் அவற்றின் மேல் வான் ஆய்வுக்கூடம் அமைத்தவர், சேசு சபைக் குரு ஏஞ்சலோ செக்கி. கீழே பூசை, மேலே 24 சென்டிமீட்டர் லென்ஸ். இந்தத் தொடரில் என் மனசுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறியப்போவதில்லை என்று 1835-இல் தத்துவ ஞானி ஒகுஸ்த் கோம்த் எழுதியிருந்தார். கால் நூற்றாண்டுக்குள், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒளியில் தனித்தனிக் கோடுகள் உண்டு என்பதை கிர்க்காஃபும் புன்சனும் காட்டிவிட்டார்கள். விண்மீன் ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, அந்தக் கோடுகளைத் தேடி உட்கார்ந்தார் செக்கி. கண்ணால் பார்ப்பது, கையால் வரைவது. இப்படி ஏறத்தாழ 4,000 விண்மீன்கள்!

பார்க்கப் பார்க்க, அவை சில இனங்களாகப் பிரிந்தன. அபிஜித் போன்ற வெள்ளை மீன்களில் ஹைட்ரஜனின் தடித்த கோடுகள். நம் சூரியனிலும் சுவாதியிலும் உலோகங்களின் மெல்லிய கோடுகள் எக்கச்சக்கம். செக்கச்சிவந்த திருவாதிரையிலும் கேட்டையிலும் கோடுகள் பட்டைகளாகத் திரண்டிருந்தன. நிறத்துக்கும் கோடுகளுக்கும் உறவு இருந்தது. பின்னாளில் ஹார்வர்டில் உருவான வகைப்பாட்டுக்கு இதுவே முன்னோடி.

1868-இல் நான்காவது இனம் ஒன்றும் சிக்கியது. மங்கலான, கடுஞ்சிவப்பு மீன்கள். அவற்றின் பட்டைகள் எந்த இனத்தோடும் ஒட்டவில்லை. அவை கார்பனின் அடையாளம் என்று கண்டுகொண்டார் செக்கி. அடுப்புக்கரியில் இருக்கும் அதே கார்பன்!

1870-இல் இத்தாலியப் படை ரோமைப் பிடித்தது. போப்பின் ஆட்சி போயிற்று, சேசு சபைக்கும் நெருக்கடி வந்தது. செக்கி தன் கூடத்தை விட்டு அசையவில்லை. 1878 பிப்ரவரியில் இறக்கும்வரை அதன் இயக்குநர் அவர்தான்.

கார்பன் மீன்களில் ஒன்றின் நிறமாலை அழகில் சொக்கிப்போய், அதற்கு ‘லா சுப்பெர்பா’, அதாவது பேரழகி, என்று பெயர் வைத்தார். நாமும் பார்க்கலாம். சித்திரை மாதம், இரவு பத்து மணிவாக்கில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடியுங்கள். அருந்ததி பார்க்கும் அந்த வால் பகுதிக்குச் சற்று மேலே பைனாகுலரைத் திருப்புங்கள். சுற்றியிருக்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே, அணையப்போகும் தணல்போல ஒரு சிவப்பு தெரியும்.

(தொடரும்)