ஐம்பது ரூபாய் அப்ளிகேஷன்!

மல்டிபிளெக்ஸ் தியேட்டரில் பாப்கார்ன் என்ன விலை என்று தெரியுமா சார் உங்களுக்கு? விலைப் பலகையைப் பார்த்ததுமே பசி அடங்கிப் போகும் கோஷ்டியில் நானும் ஒருவன். அந்த ஒரு பொட்டலத்தின் விலைக்குள் தமிழ்நாட்டில் ஒரு சமாச்சாரம் கிடைக்கிறது. அரசு கலைக் கல்லூரி அப்ளிகேஷன்!

விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக மொத்தம் 50. இதுதான் சமீப வருஷங்களின் கணக்கு. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். சேர்ந்த பிறகு? பட்டப் படிப்புக்கு டியூஷன் பீஸை அரசு எடுத்தே பல வருஷம் ஆகிவிட்டது. பரீட்சைக் கட்டணம், அது இது என்று சில்லறைச் செலவுகள்தான்.

எங்கள் கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு குடைச்சல் உண்டு. மலிவு என்றாலே சந்தேகம். தெருமுனையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்:

"அம்பது ரூபாய்க்குக் குடுக்கிற படிப்பு இன்னா லட்சணத்துல தம்பி இருக்கும்?"

"அண்ணே, நான் படிச்சதே அப்படி ஒரு காலேஜ்லதான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். சந்தேகம் தீர்ந்த மாதிரி தெரியவில்லை!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பி.காம். படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றும். அதன் கீழே உட்கார முதல் நாளே துண்டு போட்டு வைக்க வேண்டும். இன்றைக்கும் பல அரசுக் கல்லூரிகளில் பாடம் நடப்பது கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான். பட்டத்தில் கௌரவம் உண்டு. சம்பளத்தில் தேட வேண்டும். குறைகளை மறைக்க நான் வரவில்லை. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

இலவசத்தின் விலை

ப்ளஸ் டூ முடித்த பையன் ஒருவன். கண்டெய்னர் யார்டிலோ, இரும்புக் கிடங்கிலோ வேலைக்குப் போனால் தினம் 500 ரூபாய் கூலி, மாசம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசம் 12,500. கல்லூரியில் சேர்ந்தால் இந்தப் பணம் வீட்டுக்கு வராது. மூன்று வருஷம், அதாவது 36 மாசம். பெருக்கினால் 4,50,000 ரூபாய்.

பீஸ் இல்லாத படிப்பின் அசல் விலை நாலரை லட்சம்! எந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் இதை ஒட்ட மாட்டார்கள். ஆனால் வடசென்னையில் ஒவ்வொரு வீட்டிலும் அம்மாக்கள் இந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்கள். "போதும்டா, வேலைக்குப் போ" என்று அப்பா சொல்வது படிப்பின் மேல் வெறுப்பால் அல்ல. மளிகைக் கடை பாக்கியால்.

இப்போது வரவுப் பக்கம் வாருங்கள். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று ரெண்டு உண்டு. அரை நாள் கிளாஸ், அரை நாள் வேலை. பாதிக் கூலி வந்தாலே இழப்பு 2,25,000 ஆகக் குறைந்துவிடும். 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் தொடங்கினார்கள். ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாசம் 1,000. மூன்று வருஷத்துக்கு 36,000. அதையும் கழித்தால் மிச்சம் 1,89,000. பெண்களுக்கு 'புதுமைப் பெண்' முன்னாலேயே வந்தது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி அதைத் தொடங்கி வைத்த இடமே நம்ம ஏரியாதான், பாரதி மகளிர் கல்லூரி!

அடுத்தது தூரம். கொருக்குப்பேட்டைப் பையனுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் அரசு உதவி பெறும் சர் தியாகராயா கல்லூரி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, தவிர ஆர்.கே.நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி. எங்கே சேர்ந்தாலும் ஹாஸ்டல் செலவு இல்லை. வீட்டுச் சோறு. இந்தச் சோற்றை எந்த ஸ்காலர்ஷிப்பிலும் சேர்க்க மாட்டார்கள். கணக்கில் நான் சேர்ப்பேன்.

கொருக்குப்பேட்டைக்காரர் போட்ட கணக்கு

இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. தியாகராய நகர் யார் பெயரில் இருக்கிறது? பிட்டி தியாகராயர். அவர் 1852-இல் பிறந்தது எங்கள் கொருக்குப்பேட்டையில்! (தி.நகரில் புடவை எடுக்கப் போகும்போது எங்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.) பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்கும் அவர் பெயர்தான். 1950-இல் தொடங்கியது.

அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தீர்மானம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, ஏழைப் பிள்ளை வராததற்குக் காரணம் வயிறு என்று புரிந்துகொண்டு போட்ட கணக்கு அது. அந்த ஒரு அணாவும் இந்த 1,000 ரூபாயும் ஒரே ஜாதி.

வெளிநாட்டிலும் இதே யோசனைதான். அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் என்ற ஊரில், பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் மேற்படிப்பு தொடரட்டும் என்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். முதல் வருஷம் ஆறே மாணவர்கள். அங்கே சமுதாயக் கல்லூரி என்பது பெரிதாக வளர்ந்தது அந்த ஆறிலிருந்துதான்.

ரெண்டாம் வருஷக் கண்டம்

இவ்வளவும் சொன்னேனே, லேத் பட்டறை அண்ணன் பையனைச் சேர்த்தாரா என்கிறீர்களா? சேர்த்தார். முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. ரெண்டாம் வருஷம் ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நாலு அரியர் வெச்சிருக்கான். ஹார்பர் பக்கம் ஒரு ஆபீஸ்ல 15,000 தரேன்றாங்க. அனுப்பிடலாமா?"

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன். "ரெண்டு வருஷச் செலவு எழுதியாச்சுண்ணே. இப்ப நிறுத்தினா பற்றுப் பக்கம் அப்படியே நிக்கும். வரவுப் பக்கம் பூஜ்யம். பாதி டிகிரின்னு ஒண்ணு கிடையாது."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற அண்ணிதான் பேசினார். "இன்னும் ஒரு வருஷம் சொச்சந்தானே? நான் இன்னொரு வீட்டு வேலை சேத்துக்கறேன். அவன் முடிக்கட்டும்."

பி.காமில் எனக்குச் சொல்லிக் கொடுத்த எந்தப் பேரேட்டிலும் இதை எழுத இடம் இல்லை.

பையன் இப்போது காலையில் கிளாஸுக்குப் போகிறான், மதியத்துக்கு மேல் ஒரு லாரி ஆபீஸில் பில் போடுகிறான். நாலு அரியரில் ரெண்டு தேறியிருக்கிறது. மீதி ரெண்டுக்கு நானும் அவனோடு உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒன்று காஸ்ட் அக்கவுன்டிங். ஆண்டவன்தான் எங்கள் ரெண்டு பேரையும் காப்பாற்ற வேண்டும்!

என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், கட்டணம் இல்லாத கல்லூரியில் பையன்கள் விழுவது வாசலில் அல்ல, நடுவழியில். ராத்திரி வேலை பார்த்துவிட்டுக் காலை கிளாஸில் தூங்குவான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகும். அரியர் சேரும். வீட்டில் கேட்க ஆள் இருக்காது, அப்பா அம்மாவுக்கு அரியர் என்றால் என்ன என்றே தெரியாது. ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடுவான்.

அதனால்தான் ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆபீஸ் வாட்ச்மேனுக்கு, கேண்டீன்காரருக்கு ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும். ரிசல்ட் வந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் செல்போனிலேயே அந்த 50 ரூபாய் அப்ளிகேஷனைப் போட்டுக் கொடுங்கள். அது புண்ணியம்.

ரெண்டாம் வருஷம் ஒரு தடவை, "தம்பி, அரியர் எத்தனை?" என்று கேளுங்கள். அது அதைவிடப் பெரிய புண்ணியம். பையன் முறைப்பான். முறைத்தால் முறைக்கட்டுமே சார்!