குரல் ஏறும் கம்பி

நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள் சொந்தமாக வானொலி நடத்த முடியுமா? முடியும்.

ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், ஜகீராபாத் பக்கத்தில், மச்சனூர் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. நடத்தியவர்கள் பெரிய முதலாளிகள் அல்லர். மகளிர் சங்கங்களைச் சேர்ந்த ஏழை தலித் பெண்கள். நரசம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இருவர் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார்கள். விதை, பயிர், உடல்நலம், பாட்டு எல்லாம் ஊர்ப் பேச்சிலேயே ஒலித்தன.

இதற்குச் சமுதாய வானொலி என்று பெயர். இப்படிப்பட்ட நிலையம் பொதுவாக 100 வாட் சக்திக்கு மேல் வானில் அனுப்பக் கூடாது. பழைய குண்டு பல்பு ஒன்றின் சக்திதான் இது. இருப்பதே கொஞ்சம். அதை வீணாக்கலாமா?

எங்கே வீணாகிறது?

அறையில் ஒலிபரப்புக் கருவி இருக்கிறது. கோபுரத்தின் உச்சியில் ஆண்டெனா இருக்கிறது. இரண்டையும் இணைப்பது கோ-ஆக்சியல் கேபிள். கேபிள் டி.வி.க்காரர் வீட்டுக்கு இழுக்கும் கம்பியும் இந்த இனம்தான். நடுவில் செம்புக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக். அதற்கு மேல் உலோக வலை. வெளியே கறுப்பு உறை.

கிணற்றுத் தண்ணீரை மண் வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்? பாதியை மண் குடித்துவிடும். கடைமடைக்குச் சொட்டுத்தான் போகும். கேபிளும் வாய்க்கால் போலத்தான்.

கருவி 50 வாட் தருகிறது. கேபிளின் நீளம் 30 மீட்டர். ஆண்டெனாவுக்குப் போவது எவ்வளவு?

5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மெல்லிய கேபிளில் சுமார் 17 வாட்.
10 மில்லிமீட்டர் கேபிளில் சுமார் 31 வாட்.
அரை அங்குல வகைக் கேபிளில் சுமார் 43 வாட்.

மெல்லிய கேபிளின் விலை குறைவு. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு சக்தி வழியிலேயே சூடாகிப் போய்விடுகிறது. தொலைவில் உள்ள ஊருக்கு இரைச்சல்தான் கேட்கும்.

இன்னொன்றையும் பார்த்து வாங்க வேண்டும். டி.வி. கேபிள் 75 ஓம் வகை. ஒலிபரப்புக்கு வேண்டியது 50 ஓம் வகை. மாற்றிப் போட்டால் கொஞ்சம் சக்தி கருவிக்கே திரும்பி வரும். அது கருவிக்கு நல்லதல்ல.

கேபிளை எப்படிப் போட வேண்டும்?

1. முதலில் நீளத்தை அளந்து பாருங்கள். நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வாங்குங்கள்.

2. கேபிளை மடக்கி ஒடிக்காதீர்கள். வளைத்தால் அகலமாக வளையுங்கள்.

3. மீட்டருக்கு ஒரு இடத்தில் கோபுரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். கேபிளின் பாரம் முழுவதும் மேலே உள்ள இணைப்பில் தொங்கக் கூடாது.

4. இணைப்பின்மேல் ரப்பர் டேப் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓட்டுக் கூரைபோல மழைநீர் வழிந்து போகும். உள்ளே தண்ணீர் புகுந்தால் நல்ல கேபிளும் கெட்டுவிடும்.

5. அறைக்குள் நுழையும் இடத்தில் கேபிள் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். தண்ணீர் வெளியிலேயே சொட்டிவிடும்.

6. கேபிளின் உலோக வலையைக் கோபுர உச்சியிலும், அறைக்கு வெளியிலும் எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும். இடி மின்னல் காலத்தில் இது மிக முக்கியம்.

கோபுரத்தில் ஏறுவது பயிற்சி பெற்றவர் வேலை. அவரும் உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பெல்ட் கட்டித்தான் ஏற வேண்டும். கருவியை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். மேகம் கூடினால் உடனே இறங்கிவிட வேண்டும்.

பேசப் பழகப் பல நாள் ஆகும். கூச்சத்தை விட்டு ஒரு பெண் மைக் முன்னால் உட்கார்கிறாள். அவள் குரல் பாதிக் கம்பியில் நின்றுபோகலாமா?

யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் வானொலி வந்தால், முதலில் நீங்கள் எதைப் பற்றிப் பேசுவீர்கள்?