ஏரிக்கரையிலிருந்து சென்னைக்கு: வாடகை வீடும் ஒப்பந்தமும்

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்திலிருந்தும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களுக்கு வடசென்னைதான் கைக்கெட்டும் தூரம். கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாகவே போகிறது. காசிமேடு துறைமுகமும் அந்தப் பக்கம். ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. அதற்குப் பத்திரம் தேவையில்லை, ஊர்க்கட்டுப்பாடே போதும். சென்னையில் வீடு பிடிக்கும்போது அப்படியொரு ஊர் பின்னால் நிற்பதில்லை. அங்கே வாய்ப்பேச்சில் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாமல் போனால், கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டும்.

தமிழ்நாட்டில் வாடகை உறவை இப்போது ஆள்வது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தோடு விடைபெற்றது. பழைய சட்டத்தில் நியாய வாடகையை நீதிமன்றம் நிர்ணயிக்க வழி இருந்தது; புதிய சட்டத்தில் வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்ட தொகை. ஆகவே எல்லாம் ஒப்பந்தத்தில் போய் முடிகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரி. பதிவை அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். பதியாத ஒப்பந்தத்தைத் தகராறு வந்தபின் சான்றாகக் காட்டுவது கடினம்.

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் எதையும் பதியத் தேவையில்லை என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. அது பாதி உண்மை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் விதி. பதினொரு மாதம் என்று எழுதுவது அதைத் தவிர்க்கத்தான். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அது பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு.

அதிகம் ஏமாற்றம் நடக்கும் இடம் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். எட்டாயிரம் ரூபாய் வாடகைக்கு 24,000 ரூபாய். ஆனால் பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். அந்தக் கணக்கில் 80,000 ஆகிறது. இப்படிக் கேட்பது சட்டவிரோதம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சட்டத்தின் அந்தப் பிரிவே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர என்று தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது எளிதல்ல.

பெயின்ட் விவகாரமும் இதே வகை. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் செலவுக்கென்று பிடித்துக்கொள்வது சென்னையில் சர்வசாதாரணம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்பைப் பிரித்துக் கொடுக்கிறது: சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாயை மாற்றுவது, மின் ஒயரிங், கட்டடத்தின் பெரிய பழுதுகள் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, வாஷ்பேசின், கழிவறைச் சில்லறைப் பழுதுகள் வாடகைதாரர் தலையில். இதையும் எழுத்து ஒப்பந்தம் மாற்றலாம். அச்சடித்து வைத்திருக்கும் படிவங்களில் பெயின்டிங் செலவு வாடகைதாரருடையது என்ற வரி எங்கோ நடுப்பக்கத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியை அடிக்கச் சொன்னால் ஒரு மாத வாடகை மிச்சம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் படித்தவர் ஒருவரை உடன் வைத்து வரிவரியாகக் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கிய அட்வான்ஸைக் குறைத்து எழுதும் பழக்கமும் உண்டு. எண்பதாயிரம் வாங்கிவிட்டு ஒப்பந்தத்தில் முப்பதாயிரம் என்று போட்டால், பின்னால் கேட்கக்கூடியது முப்பதாயிரம்தான். முழுத் தொகையும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். பணம் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ உரிமையாளரின் சொந்தக் கணக்குக்கே போக வேண்டும். புரோக்கர் கணக்குக்கு அல்ல. வாடகைக்கு ரசீது கேட்பது வாடகைதாரரின் உரிமை.

மாத வாடகை இல்லாத லீஸ் வீடு இன்னும் அபாயமானது. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்துவிட்டு முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவது இதன் ஏற்பாடு. படகு விற்ற பணமோ நகை அடகு வைத்த பணமோ கையில் இருக்கும் குடும்பத்துக்கு இது லாபமாகத் தோன்றும். மோசடி இரண்டு விதமாக வருகிறது. வீட்டை உரிமையாளரிடமிருந்து மாத வாடகைக்கு எடுத்த இடைத்தரகர், தன்னை முகவர் என்று சொல்லி அதையே லீஸுக்கு விட்டுவிடுவார். சில மாதம் உரிமையாளருக்கு வாடகை கட்டிவிட்டு ஆள் மறைந்துவிடுவார். மற்றது, வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். கடன் கட்டாவிட்டால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும்போது லீஸ்காரர் தெருவில் நிற்பார்.

இரண்டையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் பதிவான அடமானங்கள் தெரிந்துவிடும். சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை, ஆதார் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவர் வந்தால் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரத்தைக் கேட்க வேண்டும்; அதோடு உரிமையாளரை நேரில் ஒருமுறையாவது சந்திக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், ராணுவத்தில் இருக்கிறார், முதலில் டோக்கன் பணம் அனுப்புங்கள் என்று இணைய விளம்பரம் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளிலும் வாடகைக்கு வீடு கிடைப்பதுண்டு, மலிவாகவும் இருக்கும். ஒதுக்கீடு பெற்றவர் அதை வெளியாளுக்கு விடக் கூடாது. வாரியம் சோதனைக்கு வந்தால் குடியிருப்பவர் வெளியேற வேண்டியதுதான். அட்வான்ஸைக் கேட்கச் சட்டப் பிடிமானம் இருக்காது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரைப் பார்ப்பது போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார். புரோக்கர் சொல்லமாட்டார். ஒரே மீட்டரில் நான்கு போர்ஷன் இருந்தால் மின் கட்டணம் தனிப் பிரச்சினை. வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச யூனிட் சலுகை உரிமையாளரோடு நின்றுவிட, வாடகைதாரர் முதல் யூனிட்டிலிருந்தே அவர் சொல்லும் விலையைக் கொடுப்பார். தனி மீட்டர் உள்ள வீடாகப் பார்ப்பதே இதற்குத் தீர்வு.

மீன் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனை ஏரிக்கரைக்காரர்களுக்குப் புதிதாக இருக்கும். சைவம் மட்டும் என்று பலகை போடாத வீட்டிலும் குடிவந்தபின் இது கிளம்பும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கருவாட்டு வாசனையைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொன்னாலும், அட்வான்ஸில் கைவைக்க அது காரணமாகாது.

குடியிருக்கும் காலத்தில் தகராறு வந்தால் தண்ணீரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் சில உரிமையாளர்கள் கையாளும் முறை. சட்டம் இதைத் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திராமலே இணைப்பைத் திரும்பத் தர இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. வீட்டைப் பூட்டிச் சாமானை வெளியே போடவும் உரிமையாளருக்கு உரிமை இல்லை. வெளியேற்றுவதற்கு வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு தேவை. மறுபக்கமும் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். எழுத்தில் அனுமதி வாங்காமல் உள்வாடகைக்கு விடுவதும் ஆபத்து. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டை விடாதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. உரிமையாளர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்தால், அதை வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்துக்குத் தர வேண்டும் என்ற நடைமுறை சென்னையில் 2012 முதல் வலுப்பெற்றது. உரிமையாளர் ஆதார் நகல் கேட்டால் பயப்பட வேண்டாம், நகலின் மேல் எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கொடுத்தால் போதும். தனியாகப் போகும் பெண்கள் தங்கும் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அதைக் கேட்டுப் பார்க்கலாம். சென்னைக்குப் போன கையோடு ரேஷன் அட்டையை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. கைரேகை வைத்து வேறு கடையிலும் பொருள் வாங்கலாம். மீனவர் நலத் திட்டங்கள் ஊரோடும் கூட்டுறவுச் சங்கத்தோடும் இணைந்தவை என்பதால் முகவரி மாற்றுமுன் சங்கத்தில் விசாரிப்பது நல்லது.

காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, கடைசி மின் அளவைக் குறித்து, சாவி கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு மாதம் கழிந்தும் அட்வான்ஸ் வராவிட்டால் பதிவுத் தபாலில் அறிவிப்பு, அதற்கும் மசியாவிட்டால் வாடகை நீதிமன்றம். ஆள்மாறாட்டமும் லீஸ் மோசடியும் குற்றங்கள், அவற்றுக்குக் காவல்துறைதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது தடையல்ல. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட வருமானத்துக்குள் இருந்தால் கிடைப்பார். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். போகும்போது ஒப்பந்தமும் பணம் அனுப்பிய விவரமும் கையில் இருக்க வேண்டும்.