பெயரில்லாத கேன்

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குப் பின்புறச் சந்துகளில் உள்ள நகைப் பட்டறைக்காரர்களுக்கும், அவர்களிடம் கூலிக்கு அமர்ந்திருப்பவர்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் பழக்கம். அதனால் எனக்குச் சொல்லத்தக்க வருமானம் ஏதும் வந்ததில்லையாயினும், ஒரே பிழையை வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு குடும்பத் துயரங்களோடு சுமந்துகொண்டு வருவதைப் பார்க்கிற கசப்பு மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு வாலிபன் தன் தகப்பனாரோடு வந்தான். பழைய நகையிலிருந்து செம்பையும் வெள்ளியையும் பிரிக்கத் திராவகத்தில் போட்டபோது செங்காவி நிறத்தில் புகை கிளம்பியதென்றும், சற்றே இருமிவிட்டு வெளியே வந்து டீ குடித்ததும் சரியாகிவிட்டதென்றும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவனுக்கு இரவு இரண்டு மணிக்கு மூச்சே நின்றுவிடும்போல் ஆகிவிட்டதென்றும் தகப்பனார் சொன்னார்.

"எந்த ஆசிட் தம்பி?"

"ஆசிட்தான் சார். மஞ்சள் கேன்."

அவன் கொண்டுவந்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். "தூசி ஒவ்வாமை, ஆஸ்துமா" என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த பட்டறை முதலாளியின் தம்பி டாக்டரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். முதலாளிக்குச் சங்கடம் வேண்டாமென்று இவர்களும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் கேனை நான் பிறகு போய்ப் பார்த்தேன். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் வந்த பழைய கேன் அது. சூரியகாந்திப் பூவின் படம் பாதி கிழிந்த நிலையில் இன்னும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது நைட்ரிக் அமிலம். அதற்கு ஒரு முழம் தள்ளிக் குடிதண்ணீர் கேன். அதுவும் அதே அளவு, அதே மூடி.

நைட்ரிக் அமிலம் செம்பைத் தின்னும்போது எழும் அந்தச் செங்காவிப் புகை, நைட்ரஜன் டையாக்சைடு என்னும் வாயு. இதன் துரோகம் என்னவென்றால், சுவாசித்த கணத்தில் தொண்டையைச் சிறிது கரகரக்கச் செய்துவிட்டு ஒதுங்கிவிடும். பின்பு சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூட, நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். ஆகையால் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பது இந்தப் புகையின் விஷயத்தில் ஒரு சமாதானமே ஆகாது. செங்காவிப் புகையை நன்றாக இழுத்துவிட்டவர் அன்றிரவு வீட்டில் படுக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும். இதை நான் இன்னொரு முறையும் சொல்வேன்.

மெருகேற்றுவதற்கென்று சில பட்டறைகளில் வைத்திருக்கும் சயனைடு, திராவகத்துக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் சிறிது கலந்தாலும், இரண்டின் கழிவுநீரும் ஒரே சாக்கடையில் சந்தித்தாலும், ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அதற்குக் கசப்பு வாதுமையின் வாசனை என்பார்கள். பிறவியிலேயே அந்த வாசனை தெரியாதவர்கள் நம்மில் பலர் இருப்பதனால், "வாசனை வந்தால் ஓடிவிடலாம்" என்று மூக்கை நம்பியிருப்பது அறிவீனம். அப்படி விழுந்தவரைத் திறந்த வெளிக்கு இழுத்துப் போடுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், ஊதுகிறவரும் விழுவார். சயனைடு என்ற சொல்லை ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு. பெயர் தெரியாமல் அதைக் கொடுக்க எந்த டாக்டரும் துணியமாட்டார்.

"கேடிஎம் நகை" என்று நாம் பெருமையோடு சொல்லும் நகையின் கேடிஎம், காட்மியம் என்ற உலோகத்தின் பெயரைச் சுருக்கியதேயன்றி வேறில்லை. காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். நகையைப் பற்றவைக்கக் காட்மியம் கலந்த பொடி வைத்து ஊதுகிற சூட்டுக்கு முன் அது எம்மாத்திரம்? முதல் நாள் காய்ச்சல், உடல்வலி; பல ஆண்டுகள் தொடர்ந்தால் சிறுநீரகம். புற்றுநோயை உண்டாக்கும் பொருளென்று உலக அமைப்புகள் உறுதி செய்துவிட்ட பின்பும் இன்னும் அதை ஊதிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காட்மியம் இல்லாத பொடி கடையில் கிடைக்கிறது, வேலைக்குச் சற்று அதிக நிதானம் வேண்டும், அவ்வளவே.

பெயர் தெரியாமையின் விலை என்ன என்பதை இந்தத் தேசம் 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது கண்டது. நள்ளிரவில் ஆஸ்பத்திரியை நிறைத்த ஜனங்களை அழித்தது எந்த வாயு, அதற்கு எது சிகிச்சை என்று டாக்டர்களுக்கு உரிய நேரத்தில் சொல்ல ஆளில்லை. அதன் பிறகுதான் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயகரமான பொருள்களைப் பற்றித் தனி அத்தியாயம் சேர்ந்தது. 1989இல் வந்த விதிகள், அபாய ரசாயனத்தின் கலன்மேல் அடையாளச் சீட்டு இருக்கவேண்டுமென்றும், பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கவேண்டுமென்றும் கட்டளையிட்டன. அந்தத் தாளைக் கடைக்காரரிடம் கேளுங்கள். பதினாறு பகுதிகள் இருக்கும். நாலாவது முதலுதவி, எட்டாவது காப்பு முறைகள், பத்தாவது எதனோடு சேரக் கூடாது என்பது. இந்த மூன்றையும் படித்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினால் உங்கள் அபாய மதிப்பீட்டில் பாதி முடிந்தது.

மறுபாதி, பட்டறையில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்ப்பது. எந்தக் கேனில் என்ன இருக்கிறது, யார் அதன் முன் குனிகிறார், எவ்வளவு நேரம், புகை எந்தப் பக்கம் போகிறது, பின்கட்டில் குழந்தை தூங்குகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி புகையை வெளியேற்றுவதில்லை, உங்கள் மூக்குக்குத் திருப்பிவிடுகிறது. திராவக வேலைக்கு மூன்று பக்கமும் அடைத்த ஒரு பெட்டி, அதன் பின்புறம் புகையை உறிஞ்சும் விசிறி, கூரைக்கு மேல் செல்லும் குழாய், இவைதான் வேண்டியவை. அது உறிஞ்சுகிறதா என்று பார்க்க, பக்கத்தில் தின்னரோ பெட்ரோலோ இல்லாத சமயத்தில், ஓர் ஊதுவத்தியைப் பெட்டியின் வாயில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி, உங்கள் முகத்துக்கு வந்தால் குழாயைத் திருத்துங்கள். முகத்தில் கட்டும் ஈரத்துணியும், தூசிக்கான முகமூடியும் வாயுவைத் தடுக்கமாட்டா. தடுக்கமாட்டா என்றுதான் எழுதியிருக்கிறேன். இதைப் படித்த பிறகும் நாளைக்கு ஈரத்துண்டோடு உட்காரப் போகிறவர்கள் யாரென்றும் எனக்குத் தெரியும்.

இங்கே தங்கச் சுரங்கம் இருந்த காலத்தில் இதெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதியா? பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸை இந்திய மருத்துவ நூல்கள் பேசத் தொடங்கியதே கோலார் சுரங்கத்தாரின் நெஞ்சை வைத்துத்தான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதோடு எக்ஸ்-ரேயும் கம்பெனி டாக்டரும் போயினர். சுரங்கக் கழிவான சயனைடுக் குன்றுகள் மாத்திரம் நிற்கின்றன. இன்று பிழைப்புக்காக விடியற்காலை ரயிலில் பெங்களூர் போகிறவர்களும், இங்கேயே நாலு பேர் பட்டறையில், பேட்டரிக் கடையில், வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகையில் அமர்ந்திருப்பவர்களும், எந்த இன்ஸ்பெக்டரின் கண்ணிலும் படாதவர்கள். 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ, மின்சக்தி உள்ள இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்று, பத்தாக இருந்த வரம்பை ஏற்றி வைத்திருக்கிறது. நாலு பேர் சுவாசிக்கும் விஷம் பாதி விஷம் என்று எண்ணினார்கள் போலும்.

ஆனால் நஷ்ட ஈட்டுக்கு இந்த எண்ணிக்கை தடையன்று. பட்டறையில் ஒரே ஒருவர் கூலிக்கு இருந்தாலும் முதலாளி பொறுப்பாளியே. இதைத்தான் ஜனங்கள் அறியாமல் போகிறார்கள். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். தயவுசெய்து வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் டாக்டரிடம் "வேலை செய்யும் இடத்தில், இன்ன நேரத்தில், நைட்ரிக் அமிலப் புகையைச் சுவாசித்தேன்" என்று நீங்களே சொல்லி, அப்படியே எழுதச் செய்யுங்கள். மருத்துவச் சட்ட வழக்காக, அதாவது எம்.எல்.சி.யாகப் பதிவு செய்யச் சொல்லி அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி நல்லவராயிருக்கலாம், அவருக்காக டாக்டரிடம் பொய் சொன்னால் சிகிச்சையும் பொய்யாகும், வழக்கும் பொய்யாகும்.

இரண்டாவது, நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்குப் பிரமாணம். நியமனக் கடிதம் கொடுக்கவேண்டுமென்று புதிய சட்டம் சொல்கிறது. கொடுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகையால் கூலி வந்த வங்கிப் பதிவு, போனில் வந்த பணச் செய்தி, பட்டறையில் எடுத்த போட்டோ, கூட வேலை செய்தவரின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலாளியிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது; விபத்து அறிக்கையை அவர் இ.எஸ்.ஐ.க்கு அனுப்பினாரா என்று பிடித்துக் கேட்கவேண்டும். அனுப்பியிருந்தால், வேலைக்குப் போகமுடியாத நாள்களுக்குத் தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும்.

எண் இல்லாவிட்டால், நடந்ததை எழுதி முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டபடியால், ஸ்பீடு போஸ்டில் சேர்ப்பித்ததற்கான சான்றோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் நஷ்ட ஈட்டை விசாரிக்கும் அதிகாரியிடம் விண்ணப்பம். கர்நாடகத்தில் பழைய சட்டத்தின்கீழ்ச் சீனியர் சிவில் நீதிபதிகளே நஷ்ட ஈட்டு ஆணையராகவும் இருந்து வந்ததால், கோர்ட் வளாகத்திலேயே கேளுங்கள். விபத்திலிருந்து இரண்டு ஆண்டு கெடு. காட்மியம் போன்ற தொழில்நோயாயின், அந்த வேலையைத் தொடர்ந்து ஆறு மாதமாவது செய்திருக்கவேண்டும். நோயினால் வேலைக்கு வராமல் போன முதல் நாள்தான் விபத்து நாள் என்று கணக்கு. முகமூடி கொடுத்தும் வேண்டுமென்றே கழற்றிவைத்தவருக்கு, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தாலொழிய, சட்டம் கைகொடுக்காது என்பதையும் மறவாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பார்கள். தொழிலாளிக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பினருக்கும் வக்கீலை இலவசமாக அமர்த்திக் கொடுக்கச் சட்ட சேவைக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதிய மனுவை ஓர் அலுவலகத்தில் மேஜைமேல்கூட வைக்காமல் திருப்பிக் கொடுத்ததை நின்று பார்த்தவன் நான். மொழியுரிமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இரண்டு ஆண்டுக் கெடு நமக்காகக் காத்திருக்காது. எந்த அலுவலகமாயினும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். சாக்கடையில் சயனைடு நீரை விடும் பட்டறையைப் பற்றிக் கோலாரிலுள்ள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்கு எழுதலாம். உங்கள் பெயரை வெளியிடவேண்டாமென்று மனுவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தமாகத் தொழில் செய்யும் பத்தருக்கு வழக்குத் தொடுக்க முதலாளி ஏது? அவர் வங்கியில் வருஷம் 20 ரூபாய் கட்டி இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு எடுக்கலாம். பொற்கொல்லரும் சேர்ந்த பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 15,000 ரூபாய் கருவி உதவியும், ஐந்து சதவீத வட்டிக்கு முதலில் ஒரு லட்ச ரூபாய்க் கடனும் உண்டு. அந்தக் கடனிலிருந்தாவது புகைக்குழாய் போடுங்கள்.

அந்த வாலிபனுக்கு நான் மனு எழுதித்தான் கொடுத்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் அமிலத்தின் பெயரில்லாததால் அந்த மனு இன்னும் திருத்தத்துக்காக ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறது. பட்டறைக்கு நேற்றும் போனேன்; சூரியகாந்திப் பூப் போட்ட கேன் அதே இடத்தில் இருந்தது. என் சட்டைப்பையிலிருந்த மார்க்கர் பேனாவால் அதன்மேல் நானே தமிழிலும் கன்னடத்திலும் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.